இரண்டாவது வழியும் அடைபட்டபோது: ஃபேஸ்புக் முடக்கம், 2021 அக்டோபர் 4

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை, உலகப் பொது நேரம் 15:40 மணி வாக்கில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், மெசஞ்சர் நான்கும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. மீண்டும் தலைகாட்டியபோது 21:20 தாண்டிவிட்டது. அன்றைக்கு இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) பற்றியும் பிஜிபி (எந்த முகவரிக்கு எந்த வழியில் போவது என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை) பற்றியும் எழுதினார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவைதான் கண்ணில் பட்டன. ஆனால் எங்கோ உட்கார்ந்துகொண்டு வேறெங்கோ இருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் படிக்க வேண்டிய வரி வேறொன்று. ஃபேஸ்புக்கின் உள்கட்டமைப்புத் துணைத் தலைவர் சந்தோஷ் ஜனார்தன் மறுநாள் வெளியிட்ட விளக்கத்தின் நடுவில் அது சத்தமில்லாமல் வந்துபோகிறது. வழக்கமான வழியும் அடைபட்டிருந்தது, அவசரத்துக்கான அவுட்-ஆஃப்-பேண்ட் வழியும் அடைபட்டிருந்தது, ஆகவே பொறியாளர்களை நேரில் அனுப்பினோம் என்கிறது அந்த வரி.

ஒரு கட்டளை தவறாகப் போவது எல்லா நிறுவனத்திலும் நடக்கும். அதைத் திருத்த வைத்திருந்த வழியும் அதே கட்டளையில் ஏன் விழுந்தது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது.

கட்டளையிலிருந்து இருட்டு வரை

ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது அவர்களுடைய சொந்த பேக்போன் நெட்வொர்க். உலகம் முழுக்கப் பல பத்தாயிரம் மைல் ஃபைபர். இதைப் பராமரிக்க அவ்வப்போது ஒரு பகுதியை எடுத்து வைப்பார்கள், ரூட்டர் மென்பொருளைப் புதுப்பிப்பார்கள், ஃபைபரைச் சரிசெய்வார்கள். அப்படியொரு வழக்கமான வேலையின்போது, பேக்போனில் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்று மதிப்பிடுவதற்காக ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அது பேக்போனின் எல்லா இணைப்புகளையும் கீழே இறக்கிவிட்டது.

இப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அந்தக் கருவியிலும் ஒரு பிழை இருந்ததால் அது கட்டளையை விட்டுவிட்டது. தடுப்புக் கருவி இருக்கிறது என்ற நம்பிக்கை வந்த பிறகு கட்டளை எழுதுகிறவரின் கவனம் கொஞ்சம் தளரத்தான் செய்யும். இதில் தனி ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கருவிகளை நம்பி வேலை செய்யும் எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை.

அடுத்தது டிஎன்எஸ். ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் பெரிய டேட்டா சென்டர்களுக்கு வெளியே, இணையத்தோடு கைகோக்கும் சிறிய நிலையங்களில் இருந்தன. அவற்றின் முகவரிகளை பிஜிபி வழியாக உலகத்துக்கு அறிவிப்பதும் அந்த நிலையங்கள்தான். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள்: ஒரு நிலையத்தால் டேட்டா சென்டர்களோடு பேச முடியாவிட்டால், தன் இணைப்பில் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்து அது தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். பயனர்கள் தாமாகவே ஆரோக்கியமான வேறொரு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு நிலையம் கெட்டால் இது அற்புதமான ஏற்பாடு. அன்றைக்குப் பேக்போன் முழுவதும் போனதால் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் தம்மைக் கோளாறானவை என்று தீர்மானித்து விலகிக்கொண்டன. டிஎன்எஸ் சர்வர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை அடையும் வழிதான் உலகத்தில் எங்கும் இல்லை.

15:58-க்கு ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் முகவரித் தொகுப்புகளுக்கான வழிகள் மறைந்துவிட்டதை இணைய உள்கட்டமைப்பு நிறுவனமான கிளவுட்ஃப்ளேர் கவனித்தது. அவர்களுடைய 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் சேவைக்கு வழக்கத்தைவிட 30 மடங்கு கேள்விகள் வந்து குவிந்தன. பதில் கிடைக்காத செயலிகளும் பொறுமையற்ற மனிதர்களும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவு அது.

தூரத்திலிருந்து நிர்வகிப்பது என்றால் நடைமுறையில் என்ன

இங்கே கொஞ்சம் நின்று, அன்றாடம் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அப்போதுதான் எது இல்லாமல் போனது என்பது புரியும்.

நன்றாக ஓடும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகப் போகிறோம். சர்வரின் இயங்குதளமே விழுந்துவிட்டால் பிஎம்சி இருக்கிறது. சர்வரின் மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கும் தனிச் சின்னக் கணினி இது. தனக்கென்று ஒரு பிராசசர், தனி நினைவகம், பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட். சர்வரை அணைத்தாலும் பவர் கேபிள் செருகியிருக்கும் வரை பிஎம்சி ஓடிக்கொண்டிருக்கும். டெல் இதை ஐடிராக் என்று விற்கிறது, ஹெச்பிஇ ஐலோ என்று விற்கிறது. இதனோடு பேச 1998-இல் வந்த ஐபிஎம்ஐ என்ற நெறிமுறை உண்டு, 2015-இல் வந்த ரெட்ஃபிஷ் என்பதும் உண்டு. பிஎம்சிக்குள் நுழைந்தால் சர்வரை அணைத்து ஏற்றலாம், அதன் திரையை நம் திரையில் பார்க்கலாம், ஒரு ஐஎஸ்ஓ கோப்பை சிடி போலக் காட்டி இயங்குதளத்தையே புதிதாக நிறுவலாம்.

ரூட்டர், சுவிட்ச் போன்றவற்றுக்கு இதே வேலையைக் கன்சோல் சர்வர் செய்கிறது. ஒவ்வொரு ரூட்டரின் சீரியல் போர்ட்டிலிருந்தும் ஒரு கேபிள் அதற்குப் போகும். நாம் கன்சோல் சர்வரை அடைந்தால் போதும், ரூட்டரின் நெட்வொர்க் செத்திருந்தாலும் அதன் முன்னால் நேரில் நிற்பது போலக் கட்டளை கொடுக்கலாம்.

பிஎம்சிகளையும் கன்சோல் சர்வர்களையும் கோக்கும் தனி நெட்வொர்க்தான் அவுட்-ஆஃப்-பேண்ட். பயனர்களின் போக்குவரத்து ஓடும் பாதைக்கு வெளியே ஒரு பாதை. பெயருக்கு ஏற்றபடி அது உண்மையிலேயே வெளியே இருக்கிறதா என்பதுதான் சிக்கல். சர்வர்களை அடுக்கிய ரேக்குக்குள் பார்த்தால் தனிக் கேபிள், தனி சுவிட்ச், வேறு நிறத்தில் வயர் எல்லாம் இருக்கும். கட்டடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் அந்தத் தனிக் கேபிள் எதில் போய்ச் சேர்கிறது? பல இடங்களில் அது முதன்மை ரூட்டரிலேயே ஒரு தனி விலானாக, அதாவது அதே கருவிக்குள் மென்பொருளால் மட்டும் பிரித்த நெட்வொர்க்காக, போய்க் கலந்துவிடும். இன்னொரு இணைப்புக்கு மாதாமாதம் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று யாரோ ஒருவர் ஒரு நாள் நியாயமாகத்தான் கேட்டிருப்பார்.

நேரில் போனவர்கள்

அக்டோபர் 4-க்குத் திரும்புவோம். பொறியாளர்கள் முன்னால் இரண்டு தடைகள் நின்றதாக ஜனார்தன் எழுதுகிறார். டேட்டா சென்டர்களின் நெட்வொர்க் விழுந்ததால் வழக்கமான முறையில் உள்ளே போக முடியவில்லை. டிஎன்எஸ் முழுவதுமாகப் போனதால், இப்படிப்பட்ட முடக்கங்களை ஆராயப் பயன்படுத்தும் உள் கருவிகள் பலவும் உடைந்துபோயின. இரண்டாவது தடை முதலாவதைவிட மோசமானது என்பது என் எண்ணம். வழி இல்லாவிட்டால் வேறு வழி தேடலாம். என்ன நடக்கிறது என்பதே தெரியாவிட்டால் எந்த வழியைத் தேடுவது?

ஊழியர்களின் அடையாள அட்டைகள் சில கட்டடங்களில் வேலை செய்யவில்லை என்று அன்றே செய்தி வந்தது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் இருக்கும் டேட்டா சென்டருக்கு ஒரு சிறு குழு அனுப்பப்பட்டதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. சர்வர் கூண்டை அறுக்கும் இயந்திரத்தால் வெட்டித் திறந்தார்கள் என்று ஒரு கதையும் ட்விட்டரில் ஓடி, பிறகு திருத்தப்பட்டது. திருத்தம் வந்தபின்னும் கதை நிற்கவில்லை. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

உள்ளே நுழைந்தபின்னும் வேலை லேசாக இல்லை. அந்த இடங்கள் உள்ளே போவதற்கே கடினமாகக் கட்டப்பட்டவை, போய்விட்டாலும் கருவிகளையும் ரூட்டர்களையும் தொட்டு மாற்றுவது கடினமாகவே வடிவமைக்கப்பட்டவை என்கிறது விளக்கம். இந்த வேலை தெரியாதவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். பெட்டிக்கு முன்னாலேயே நிற்கிறோம், பிறகென்ன?

எந்த டேட்டா சென்டரிலும் நடக்கக்கூடியதை அப்படியே சொல்கிறேன். லேப்டாப்பை எடுத்துக் கன்சோல் கேபிளைச் செருகுகிறோம். 9600 பாட் வேகத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வருகின்றன. பயனர் பெயர் கேட்கிறது, கொடுக்கிறோம். கடவுச்சொல் கேட்கிறது, கொடுக்கிறோம். ரூட்டர் அதைத் தானே சரிபார்ப்பதில்லை, உள்நுழைவுகளை மையமாகச் சரிபார்க்கும் டகாக்ஸ் சர்வரிடம் கேட்கிறது. அந்தச் சர்வர் இருப்பது இதே ரூட்டருக்கு அந்தப் பக்கம். சில நொடி காத்திருப்பு. முதல் சர்வர் பதில் தரவில்லை என்று இரண்டாவதிடம் கேட்கிறது, பிறகு மூன்றாவதிடம். எல்லாம் ஓய்ந்தபின்தான் உள்ளூர்க் கணக்கைப் பார்க்கும், அதுவும் அப்படி அமைத்து வைத்திருந்தால். அந்த உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல் கடவுச்சொல் பெட்டகத்தில் இருக்கிறது. பெட்டகம் ஓடுவது நெட்வொர்க்கில். அதைத் திறக்க இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பு வேண்டும். அதற்கும் டிஎன்எஸ் வேண்டும்.

நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவது என்று சொல்வோமே, அது கட்டளை கொடுத்த கணத்தில் நடந்தது. கீழே விழுந்தவருக்கு ஏணி கொண்டுவர வேண்டியவர்களும் அதே கிளையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் இந்த நிகழ்வின் கனம்.

திரும்ப ஏற்றுவது

பேக்போன் வந்துவிட்டது, சுவிட்சைப் போட்டுவிடலாம் என்று இருக்க முடியவில்லை. ஒவ்வொரு டேட்டா சென்டரிலும் மின் பயன்பாடு பத்துக்கணக்கான மெகாவாட் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைச் சட்டென்று தலைகீழாக்கினால் மின் அமைப்பிலிருந்து கேஷ் (அடிக்கடி கேட்கப்படும் தரவின் தற்காலிகச் சேமிப்பு) வரை எல்லாமே ஆபத்தில் போகும். உலகமே ஒரே நொடியில் உள்நுழைய முயலும்போது, காலியாகக் கிடக்கும் கேஷ் எதையும் தாங்காது. சுமை அத்தனையும் நேராக டேட்டாபேஸின் தலையில் இறங்கும்.

இங்கே அவர்களுக்குக் கைகொடுத்தது பயிற்சி. பல ஆண்டுகளாகவே ‘புயல்’ என்ற பெயரில் ஒரு சேவையையோ, ஒரு டேட்டா சென்டரையோ, ஒரு பிராந்தியம் முழுவதையுமோ வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார்கள். அதனால் சேவைகளை ஏற்றும் கட்டம் பெரிய சேதமில்லாமல் நடந்தது. ஆனால் உலகப் பேக்போன் முழுவதும் போவதாக வைத்து அவர்கள் ஒத்திகை பார்த்ததே இல்லை. ஒத்திகை பார்த்த பகுதி நன்றாக நடந்தது, பார்க்காத பகுதி மணிக்கணக்கில் இழுத்தது.

காரணம் வெளியே வந்த இன்னொரு நிகழ்வு

ஃபேஸ்புக்கின் அவுட்-ஆஃப்-பேண்ட் ஏன் விழுந்தது என்பதை அந்த விளக்கம் சொல்லவில்லை. ஒரே வரியோடு கடந்துவிடுகிறது. ஆனால் ஒன்பது மாதம் கழித்துக் கனடாவில் நடந்த ஒரு முடக்கத்தில் இதே கேள்விக்குப் பதில் எழுத்திலேயே கிடைத்தது. அதனால் அதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

2022 ஜூலை 8 அதிகாலை 4:43-க்கு, ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் ரூட்டர்களில் ஒரு மாற்றம் செய்தது. மைய நெட்வொர்க்கைப் புதுப்பிக்க ஏழு கட்டமாகத் திட்டமிட்டிருந்த வேலையில் அது ஆறாவது கட்டம். ஒரு வடிகட்டி நீக்கப்பட்டதால் வழித்தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து, மைய ரூட்டர்கள் சில நிமிடங்களில் மூச்சுத்திணறி விழுந்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குக் கைபேசி, இணையம், தொலைபேசி எல்லாம் போயின. அவசர உதவிக்கான 911 அழைப்புகள் பாதிக்கப்பட்டன, கடைகளில் டெபிட் அட்டைப் பரிவர்த்தனை நின்றது.

கனடாவின் ஒழுங்குமுறை ஆணையத்துக்காக ஸோனா பார்ட்னர்ஸ் தயாரித்த அறிக்கை பளிச்சென்று சொல்கிறது: ரோஜர்ஸின் மேலாண்மை நெட்வொர்க் அதே மைய ஐபி நெட்வொர்க்கை நம்பித்தான் இருந்தது. மையம் விழுந்ததும் தூரத்திலிருந்த பொறியாளர்களுக்கு ரூட்டர்களும் இல்லை, பிழைப் பதிவேடுகளும் இல்லை. ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவும் தம் நிறுவனத்தின் கைபேசி இணைப்பையே வைத்திருந்தார்கள். ஆட்களை நேரில் அனுப்பியும், மூல காரணத்தை அடையாளம் காண 14 மணி நேரம் பிடித்தது.

இந்த 14 மணி நேரத்தைத்தான் நான் அடிக்கோடிடுவேன். நீக்கிய வடிகட்டியைத் திரும்பப் போடுவது சில நிமிட வேலை. எந்த மாற்றத்தைத் திருப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பதிவேடு வேண்டும், பதிவேடு இருப்பதோ எட்டாத இடத்தில். அதே அறிக்கையில் இன்னொரு விவரமும் உண்டு. தொடக்கத்தில் இந்த வேலையின் அபாயம் ‘அதிகம்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால், ஆறாவது கட்டத்துக்கு வரும்போது அது ‘குறைவு’ என்று இறங்கிவிட்டது. ஐந்து முறை ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறாவது முறைக்கான பாதுகாப்பாகக் கணக்கில் ஏறியிருக்கிறது.

பூட்டும் வேண்டும்

இதற்கெல்லாம் ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. அவசர வழி என்பது திருடனுக்கும் வழிதான். பிஎம்சியைப் பிடித்தவர் சர்வரையே பிடித்தவர். இயங்குதளத்தில் எவ்வளவு காவல் போட்டாலும் அவரைத் தடுக்காது. ஐபிஎம்ஐ 2.0-வின் வடிவமைப்பிலேயே ஒரு ஓட்டை இருப்பதை 2013-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்: பயனர் பெயரை மட்டும் சொன்னால், உள்நுழைவதற்கு முன்பே கடவுச்சொல்லின் ஹாஷை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீடு, அதை வைத்துக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம்) கேட்டவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். ஐலோ 4-இன் பழைய பதிப்புகளில் கோரிக்கையின் ஒரு குறிப்பிட்ட ஹெடரில் (தலைப்புப் பகுதியில்) 29 முறை ‘ஏ’ என்ற எழுத்தை அனுப்பினாலே சரிபார்ப்பு கடந்துபோனது. 29 எழுத்து! அதனால் பிஎம்சியை நேரடியாகப் பொது இணையத்தில் வைப்பதை யாரும் பரிந்துரைக்க முடியாது.

ஜனார்தனும் இந்தப் பக்கம்தான் நிற்கிறார். அன்றாடப் பாதுகாப்பு பலமாக இருப்பதற்காக, எப்போதோ ஒருமுறை வரும் முடக்கத்திலிருந்து மீள்வது மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பேரம் தகும் என்கிறார். பாதிதான் எனக்கு உடன்பாடு. கதவு கனமாக இருப்பது ஒரு விஷயம், கதவைத் திறக்கும் பூட்டு நெட்வொர்க்கை நம்பி இருப்பது வேறு விஷயம். முதலாவது திட்டமிட்டு வாங்கிய தாமதம். இரண்டாவதை யாரும் திட்டமிடுவதில்லை. ஒவ்வொரு குழுவும் தன் கருவியை நிறுவனத்தின் பொது உள்நுழைவோடும் பொது டிஎன்எஸ்ஸோடும் ஒழுங்காக இணைத்துக்கொண்டே வரும்போது அது தானாகச் சேர்ந்துவிடுகிறது. தணிக்கையாளர் வந்து பார்த்தால் இதற்கு நல்ல மதிப்பெண்கூடக் கொடுப்பார்.

எங்கே தேடுவது

ஆயிரம் சர்வர்களோ பத்து சர்வர்களோ, இப்படி ஒன்றை நம்பி இன்னொன்று நிற்கும் சார்புகளைத் தேட வேண்டிய இடங்கள் அதிகம் மாறுவதில்லை. அவசர வழிக்கு வேறொரு நிறுவனத்தின் இணைப்பு வேண்டும். அந்த இன்னொரு நிறுவனம் அதே குழாயில் ஃபைபர் வாடகைக்கு எடுத்திருக்கவும் கூடும், ஆகவே பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சின்ன இடங்களுக்கு ஒரு 4ஜி மோடமே போதும். சீரியல் கன்சோலுக்கு வேண்டிய வேகம் மிகக் குறைவு. பிஎம்சிகளின், கன்சோல் சர்வர்களின் ஐபி முகவரிகள் டிஎன்எஸ் இல்லாமலும் கிடைக்க வேண்டும். காகிதத்தில் அச்சிட்டுப் பூட்டி வைத்தாலும் சரி, கேலி செய்பவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். உள்ளூர்க் கணக்கு ஒன்று இருக்க வேண்டும், அதன் கடவுச்சொல் உறையிலிட்டு முத்திரையோடு அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், உறை பிரிக்கப்பட்டால் தெரிய வேண்டும். பிஎம்சியின் தனிப் போர்ட்டுக்குப் பதில் சர்வரின் வழக்கமான போர்ட்டையே பகிர்ந்துகொள்ளும் அமைப்பு பல சர்வர்களில் உண்டு. ஒரு கேபிள் மிச்சம், ஆனால் சுவிட்ச் போனால் இரண்டும் போகும்.

கட்டளைப் பக்கத்தில், ரூட்டருக்குள்ளேயே இருக்கும் பழைய தற்காப்பு ஒன்று உண்டு. ஜூனிப்பர் ரூட்டர்களின் இயங்குதளமான ஜூனோஸில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் ரூட்டர் தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். தன் இணைப்பைத் தானே அறுத்துக்கொண்டவரால் உறுதி செய்ய முடியாது, அதுவே அவரைக் காப்பாற்றும். சிஸ்கோ ரூட்டர்களில் மாற்றத்துக்கு முன்னால் ‘ரீலோட் இன் 10’ (பத்து நிமிடத்தில் மறுதொடக்கம்) கொடுத்து வைப்பதும் இதே தந்திரத்தின் முரட்டு வடிவம். இவை வேலை செய்ய வெளிச் சர்வர் எதுவும் வேண்டாம், எந்த அனுமதியும் வேண்டாம்.

கடைசியில் ஒத்திகை. ஒரே ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு, அதன் முதன்மை இணைப்பு, டிஎன்எஸ், மைய உள்நுழைவு மூன்றையும் ஒன்றாக நிறுத்திவிட்டு, வெளியே இருக்கும் ஒருவரை உள்ளே வரச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்திச் செய்யும் ஒத்திகை இந்த வகைக் கோளாறைக் காட்டாது, ஏனென்றால் மீதி இரண்டும் கைத்தாங்கலாக நிற்கும். முதல் முறை பெரும்பாலும் தோல்விதான். கன்சோல் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், ஃபயர்வால் அலுவலக ஐபியிலிருந்து வந்தால்தான் விடும், அல்லது 4ஜி மோடம் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருக்கும், அதன் சிம்முக்குப் பணம் கட்டுவதைக் கணக்குத் துறை எப்போதோ நிறுத்தியிருக்கும். சிம் யார் பெயரில் இருக்கிறது, ரசீது யாருக்கு வருகிறது என்பதும் அந்த ரேக்கின் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.